சுவையில் நாக்கின் பங்கு எவ்வளவு, மூக்கின் பங்கு எவ்வளவு? ஏழாம் வகுப்புக்கு எப்படிக் காட்டுவது?

ஆய்வகம் இல்லாத பள்ளியில் சுவை, மணம், செரிமானம் மூன்றையும் எப்படிச் சொல்லித் தருவது என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் சோம்பும் ஒரு கிண்ணம் சோறும் போதும்.

மாணவர்கள் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சோம்பை மெல்லட்டும். லேசான இனிப்பு மட்டும் தெரியும். கையை எடுத்ததும் வாசம் குப்பென்று வரும். அந்த நேரத்தில் அவர்கள் முகங்களைப் பார்க்க வேண்டும்! மெல்லும்போது எழும் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்கின் மேற்பகுதிக்குப் போகிறது. மூக்கைப் பிடித்தால் அந்தக் காற்றோட்டம் நின்றுவிடும். சளி பிடித்தால் ரசம்கூடச் சப்பென்று இருப்பது இதனால்தான். நாக்கு தனியாக அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, பிறகு 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகெடா கண்டறிந்த உமாமி (காளான், தக்காளி, இறைச்சி போன்றவற்றில் தெரியும் சுவை).

“அப்போ காரம்?” என்று ஒருவராவது கேட்பார்கள். நம் அறுசுவையில் அதற்கு இடமுண்டு. ஆனால் மிளகாயிலுள்ள கேப்சைசின் என்னும் வேதிப்பொருள் தூண்டுவது சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளை. மிளகாய் நறுக்கிய கை எரிவதும் அதனால்தான்.

நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்று நாக்கு வரைபடம் மட்டும் தயவுசெய்து வரையாதீர்கள். சுவை மொட்டுகள் உள்ள எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும்.

அடுத்து சோறு. விழுங்காமல் ஓரிரு நிமிடம் மென்றால் மெல்ல இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் நொதி மாவுச்சத்தை மால்டோஸ் என்னும் சர்க்கரையாக உடைப்பதே காரணம். செரிமானம் வாயிலேயே தொடங்கிவிடுகிறது. வெறும் சோறாகவே கொடுங்கள், குழம்பு ஊற்றினால் அந்த இனிப்பு தெரியாது.