அம்மாவ சைகோன் கூட்டிட்டு போலாமா?

கேள்வி: நான் பொறந்தது சைகோன்ல. அப்பா பாண்டிக்காரர், ஃப்ரெஞ்சு பாஸ்போர்ட், அங்க ஒரு கம்பெனில கணக்கு பாத்தார். அம்மா வியட்நாம்காரங்க. 1975-ல எல்லாத்தயும் விட்டுட்டு வந்தப்ப எனக்கு 13 வயசு. இப்ப அம்மாவுக்கு 86, ஒரு தடவ பாத்துட்டு வந்துடணும்னு கேக்கறாங்க. பையன் பத்து நாள் டூர் பிளான் போட்டு வெச்சிருக்கான். பாரீஸ்ல இருக்கற தம்பி, பழைய வீட்டு பத்திரத்த எடுத்துட்டு போய் விசாரின்னு சொல்றான். வீட்டுக்காரர் இந்தியன் பாஸ்போர்ட். எதுலேர்ந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல. — வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: அக்கா, போங்க. 86 வயசுல அம்மா வாய் விட்டு கேட்டத அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க, ஆனா டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு, அந்த வயசுக்கு டிராவல் இன்சூரன்ஸ் எந்த கம்பெனி தர்றாங்கன்னும் பாத்துட்டு, அப்புறம் டிக்கெட்டுக்கு போங்க.

பையன் போட்ட பிளான்ல ஹனோய், ஹா லாங் பே, சாப்பா எல்லாம் இருக்குல்ல, அத அவரும் மருமகளும் தனியா போகட்டும். சைகோன்லேர்ந்து ஹனோய்க்கு ஃப்ளைட்லயே ரெண்டு மணி நேரத்துக்கு மேல, சாப்பா அங்கேர்ந்து பஸ்ல இன்னும் அஞ்சாறு மணி நேரம், இது 86 வயசு உடம்புக்கு ஆகற காரியமா சொல்லுங்க. அதவிட, அம்மாவுக்கு ஹனோய் எந்த காலத்துலயும் சொந்த ஊரா இருந்ததில்ல, 54-லேர்ந்து 75 வரைக்கும் நாடே ரெண்டா கெடந்தது, அவங்க தெக்கு பக்கம். அவங்க கேக்கறது வியட்நாம் இல்ல, சைகோன். அதனால ஒரு வாரம் முழுசா அங்கயே, பென் தான் மார்க்கெட் பக்கமா லிஃப்ட் இருக்கற ஹோட்டலா பாத்து தங்குங்க. காலைல வெயில் ஏறறதுக்குள்ள ஒரு எடம், சாயந்திரம் முடிஞ்சா இன்னொண்ணு, அவ்ளோதான். நடுவுல அம்மா தூங்கட்டும்.

அம்மாவ வெறுமனே 'வீடு எங்க இருந்துச்சு'ன்னு கேட்டா பழைய தெரு பேர சொல்வாங்க, அது இப்ப மேப்புல இருக்காது. உங்க அப்பா காலத்து ஆளுங்க 'கத்தினா'ன்னு ஃப்ரெஞ்சு பேர்ல சொன்ன ரோடு, நீங்க ஸ்கூல் போன நாள்ல து யோ, 75-க்கு அப்புறம் டோங் கோய். கோங் லீ ரோடு இப்ப நாம் கீ கோய் ங்கியா. போதாததுக்கு 2025 ஜூலைலேர்ந்து குவான் 1, குவான் 3-ங்கற டிஸ்ட்ரிக்ட்டயே எடுத்துட்டாங்க, இப்ப எல்லாம் வார்டு கணக்கு. (நகரத்துக்கு பேரு ஹோ சி மின்தான், ஆனா நடு ஊர்ல ஒரு வார்டுக்கு சைகோன்னே பேர் வெச்சுட்டாங்க, அம்மாகிட்ட சொல்லுங்க, சிரிப்பாங்க.) அதனால பேர விட்டுட்டு வழிய கேளுங்க, வீட்டுலேர்ந்து மார்க்கெட்டுக்கு எந்த பக்கம் திரும்புவீங்க, சர்ச் மணி கேக்குமா, வீடு மெயின் ரோட்லயா, ஹெம்முங்கற சந்துக்கு உள்ளயான்னு. அவங்க பேசறத போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கோங்க.

அட்ரஸ் கெடைக்க இன்னொரு வழியும் இருக்கு. வீட்ல லிவ்ரே தெ ஃபமி, அதாவது ஃப்ரெஞ்சுக்காரங்க குடுக்கற குடும்ப பதிவு புத்தகம், எங்கயாச்சும் இருக்கும், தேடுங்க. நீங்க பொறந்தத அங்க கான்சுலேட்ல பதிஞ்சிருந்தா அந்த ரிக்கார்டு ஃப்ரான்ஸ்ல நாந்த் ஊர்ல இருக்கற செவில் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இருக்கும், ஆன்லைன்லயே கேக்கலாம், காசு கெடையாது. சுருக்கமான சர்ட்டிஃபிகேட் கேக்காதீங்க, கோப்பி எந்தெக்ரால்னு முழு நகல் கேளுங்க, அதுலதான் அப்பா அம்மா குடியிருந்த விலாசம் வரும். 47/12-ன்னு கோடு போட்டு நம்பர் இருந்தா 47 பக்கத்துல போற சந்துக்குள்ள பன்னெண்டாம் நம்பர்னு அர்த்தம். ஆனா நம்பரும் மாத்தியிருக்கலாம், அதுக்குத்தான் வழி கேட்டு வெச்சுக்க சொன்னேன்.

தம்பி சொன்ன பத்திரம் விஷயம், வேணாம் அக்கா. 1991 ஜூலைக்கு முன்னாடி அரசாங்கம் எடுத்துக்கிட்ட வீட்ட திருப்பி தர்றதில்லன்னு 2003-லயே அந்த ஊர் நேஷனல் அசெம்ப்ளி தீர்மானம் போட்டாச்சு, நெலமே அங்க தனியாருக்கு சொந்தம் கெடையாது. பத்திரத்தோட போய் நின்னா உள்ள இருக்கறவங்க பயந்து கதவ சாத்திடுவாங்க, அம்மா வாசல்லயே நிக்கணும். அது இல்லாம போங்க. ஒரு டப்பா பிஸ்கட்டோ ஸ்வீட்டோ கையில இருக்கட்டும், அம்மாதான் அந்த பாஷை பேசறாங்கள்ல, அவங்கள விட்டே பேச வைங்க, மொத வார்த்தையே 'சும்மா பாத்துட்டு போக வந்தோம்'னு இருக்கட்டும். வாசல்ல செருப்ப கழட்டணும். முன் ரூம்லயே ரெண்டு மூணு மோட்டார் பைக்க நிறுத்தி வெச்சிருப்பாங்க, அம்மா வெச்சிருந்த ஹாலு அப்படியே இருக்கும்னு நெனச்சு போகாதீங்க. வீடே இல்லாம பத்து மாடி கட்டடமும் நிக்கலாம், அத அம்மாகிட்ட இங்கயே சொல்லிடுங்க, அங்க போய் தெரிய வேணாம்.

நிச்சயமா மாறாம நிக்கற எடமும் இருக்கு. ட்ருவோங் டின் தெருவுல மாரியம்மன் கோயில், வாசல்ல மல்லிப்பூவும் ஊதுபத்தியும் விப்பாங்க, உள்ள போனா கும்பிடறவங்க முக்காவாசி வியட்நாம்காரங்களாவும் சீனக்காரங்களாவும் இருப்பாங்க, கருங்கல் சுவத்துல கையும் நெத்தியும் வெச்சு வேண்டிக்குவாங்க. தோன் தாட் தியெப் தெருவுல செட்டியாருங்க கட்டின தெண்டாயுதபாணி கோயில். டோங் யு தெருவுல நம்ம பக்கத்து முஸ்லிம்ங்க 1935-ல கட்டின மசூதி. எல்லாம் கிட்ட கிட்டதான், ஆனா நடக்க வெக்காதீங்க, பிளாட்ஃபாரம் பூரா பைக், போன் ஆப்ல கூப்பிடற க்ராப் கார்ல போங்க.

இப்ப பேப்பர். உங்களுக்கு, பையனுக்கு, அம்மாவுக்கு ஃப்ரெஞ்சு பாஸ்போர்ட்னா 45 நாள் வரைக்கும் விசாவே வேணாம். வீட்டுக்காரருக்கு இ-விசா, ஒரு தடவ போய் வர்றதுக்கு 25 டாலர், அரசாங்க சைட்லயே போடுங்க, அதே மாதிரி பேர்ல நெறைய டூப்ளிகேட் சைட் இருக்கு, டபுளா கறப்பாங்க. இனிஷியல் தகராறு நமக்கு தெரிஞ்சதுதான், பாஸ்போர்ட் அடியில அம்புக்குறி வரிசைல எப்படி பேர் இருக்கோ அப்படியே அடிங்க. எல்லாரும் போறத பத்தியே யோசிப்பாங்க, சிக்கல் வர்றது திரும்பி வர்றப்பதான். ஃப்ரெஞ்சு பாஸ்போர்ட்காரங்க, இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு தர்ற ஓசிஐ கார்டோ, செல்லற இந்திய விசாவோ இல்லாம மெட்ராஸ்ல எறங்க முடியாது. அம்மா விசாலயோ ரெசிடென்ட் பெர்மிட்லயோ இருந்தா, வெளிய போய்ட்டு உள்ள வர அது செல்லுமா, மல்டிபிள் என்ட்ரியான்னு டிக்கெட் போடறதுக்கு முன்னாடி வெளிநாட்டுக்காரங்க பதிவு பண்ற எஃப்ஆர்ஆர்ஓ ஆபீஸ்ல கேட்டுடுங்க.

ஃப்ளைட்டு மெட்ராஸ்லேர்ந்து கோலாலம்பூரோ சிங்கப்பூரோ வழியா, ஒரே டிக்கெட்டா எடுங்க, வீல்சேர் புக்கிங்லயே போட்டுடுங்க. பணத்துல ஒண்ணு ஜாக்கிரதை, 20,000 டோங் நோட்டும் நீலம், 5 லட்சம் நோட்டும் நீலம், ராத்திரி டாக்சில அவசரத்துல மாத்தி குடுத்துட்டு நிக்காதீங்க.

மாசம் மட்டும் நீங்களே முடிவு பண்ணுங்க, பையன்கிட்ட விடாதீங்க. மே-லேர்ந்து நவம்பர் வரைக்கும் மழை. ஜனவரி கடைசிலேர்ந்து பிப்ரவரிக்குள்ள டெட், அவங்க புது வருஷம், வரும், பாதி கடை சாத்தியிருக்கும். ஏப்ரல் 30 அங்க, 75-ல வடக்கு படை சைகோன பிடிச்சு ஜெயிச்ச நாள் கொண்டாட்டம், தெரு பூரா கொடி, உங்க குடும்பம் பெட்டி கட்டினது அதனாலதான், அந்த வாரத்துல அம்மாவ அங்க நிறுத்தாதீங்க. டிசம்பர் போடுங்க, இல்ல டெட் முடிஞ்சு மார்ச்.