அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் ரைட் சகோதரர்களைத் தவிர வேறு பிரபலங்கள் உண்டா?

நிறையவே உண்டு. ஒஹாயோ மாநிலத்து ஊர்களில் எனக்கு அதிகம் பிடித்தது டேட்டன்தான். ரைட் சகோதரர்களை விட்டுவிட்டுச் சொல்லச் சொல்கிறீர்கள், ஆனால் நான் அவர்கள் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனென்றால் என் பட்டியலில் முதல் ஆள் ஆர்வில் ரைட்டின் வகுப்புத் தோழர், கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார்.

1872இல் டேட்டனில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் கென்டக்கியில் அடிமைகளாக இருந்தவர்கள். சென்ட்ரல் ஹைஸ்கூலில் அவருடைய வகுப்பில் கறுப்பின மாணவர் அவர் ஒருவர்தான். இருந்தும் பள்ளிப் பத்திரிகைக்கு அவர்தான் ஆசிரியர். ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை போடுவதற்கு முன்னால் அச்சகம் நடத்தினார்கள். 1890இல் டன்பார் கறுப்பின வாசகர்களுக்காக 'டேட்டன் டாட்லர்' என்ற பத்திரிகையைத் தொடங்கியபோது அச்சடித்துக் கொடுத்தது அவர்கள்தான். பணம் புரளவில்லை; சில இதழ்களோடு நின்றுபோனது.

ஆர்வில் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. டன்பார் 1891இல் முடித்தார். முடித்தவருக்குத்தான் ஊரில் ஒரு குமாஸ்தா வேலைகூடக் கிடைக்கவில்லை, தோல் நிறத்தால். கடைசியில் காலஹன் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கும் வேலை, வாரத்துக்கு 4 டாலர். ஆள் வராத நேரத்தில் கவிதை எழுதினார். முதல் தொகுப்பைக் கடனுக்கு அச்சிட்டு, லிஃப்டில் ஏறுகிறவர்களிடமே பிரதி 1 டாலர் என்று விற்றுத் தீர்த்தார். வாங்கினார்கள், சரி. அதில் ஒருவராவது அவருக்கு மேசை, நாற்காலி போட்டு ஒரு வேலை கொடுத்திருக்கலாம்.

1896இல் வில்லியம் டீன் ஹொவெல்ஸ் என்ற பெரிய விமர்சகர் பாராட்டி எழுதியதும் டன்பார் நாடறிந்த கவிஞரானார். ஆனால் ஹொவெல்ஸ் தூக்கிப்பிடித்தது கறுப்பின மக்களின் பேச்சுவழக்கில் அவர் எழுதிய கவிதைகளை. பத்திரிகைகளும் அதையே கேட்டன. மற்ற கவிதைகளை யாரும் கண்டுகொள்ளவில்லையே என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. கூண்டுப் பறவை ஏன் பாடுகிறது என்று எனக்குத் தெரியும் என்ற அவருடைய வரியைத்தான் பின்னாளில் எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ தன் சுயசரிதைக்குத் தலைப்பாக வைத்தார். காசநோயில் 1906இல் இறந்தபோது டன்பாருக்கு வயது 33.

அடுத்தது கல்லாப்பெட்டிக் கதை. ஜேம்ஸ் ரிட்டி என்பவர் டேட்டனில் மதுக்கடை வைத்திருந்தார். வேலைக்காரர்கள் கல்லாவில் கைவைப்பது அவருக்குத் தீராத தலைவலி. கப்பல் பயணம் ஒன்றில் சுழலியின் சுற்றுகளை எண்ணும் கருவியைப் பார்த்தவர், இதே மாதிரி விற்பனையையும் எண்ணலாமே என்று யோசித்து 1879இல் கேஷ் ரெஜிஸ்டருக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் காசு பார்த்தது அவரல்ல, ஜான் பேட்டர்சன். 1884இல் தொழிலைக் கைப்பற்றி நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியை உருவாக்கினார். போட்டியாளர்களை நசுக்கிய வழக்கில் 1913 பிப்ரவரியில் அவருக்குச் சிறைத் தண்டனை. மார்ச்சில் ஊரே வெள்ளத்தில் மூழ்கியது. தொழிற்சாலைத் தச்சர்களை வைத்து நூற்றுக்கணக்கான படகுகளைச் செய்து ஜனங்களை மீட்டு, தொழிற்சாலையிலேயே தங்கவைத்துச் சோறு போட்டார் மனிதர். ஒரே மாதத்தில் குற்றவாளி ஊர் காத்த தெய்வமாகிவிட்டார்! மேல்முறையீட்டில் தண்டனையும் போய்விட்டது. அதே வழக்கில் சிக்கிய அவருடைய விற்பனை அதிகாரி தாமஸ் வாட்சன் 1914இல் வெளியேற்றப்பட்டார். அவர் போய்ச் சேர்ந்து வளர்த்த கம்பெனிதான் ஐபிஎம்.

பேட்டர்சனின் கம்பெனியில் பொறியாளராக இருந்த சார்லஸ் கெட்டரிங், கல்லாப்பெட்டிக்கு ஒரு சின்ன மோட்டார் பொருத்தினார். விட்டுவிட்டு ஓடினால் போதும், ஆனால் ஒரு நொடிக்கு நல்ல விசை வேண்டும். அந்த யோசனையே காருக்குப் போய் செல்ஃப் ஸ்டார்ட்டர் ஆனது. 1912 மாடல் கேடிலாக்கில் வந்தது. காரைக் கிளப்பக் கைப்பிடியைச் சுழற்றிக் கையை முறித்துக்கொள்ளும் காலம் அதோடு முடியத் தொடங்கியது. ஆனால் கெட்டரிங்கின் ஆய்வுக்கூடத்தில்தான் தாமஸ் மிட்ஜ்லி 1921இல் பெட்ரோலில் நச்சு ஈயம் கலக்கும் வழியைக் கண்டுபிடித்தார். 1923இல் முதலில் விற்றதும் டேட்டன் பங்க் ஒன்றில்தான். ஓசோனை ஓட்டை போட்ட, குளிர்சாதனப் பெட்டிகளுக்கான ஃபிரியான் வாயுவிலும் மிட்ஜ்லிக்கு முக்கியப் பங்கு உண்டு. இவர்களைப் பிரபலங்கள் என்பதா, வேறு ஏதாவது சொல்வதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

விளையாட்டில் எட்வின் மோசஸ். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 1976, 1984 ஒலிம்பிக் தங்கம். 1977 முதல் 1987 வரை தொடர்ந்து 122 பந்தயங்களில் தோற்கவே இல்லை. இரண்டு தடைகளுக்கு நடுவே கடைசிவரை 13 காலடி மாறாமல் வைப்பார். நடிகர் மார்ட்டின் ஷீனும் இந்த ஊர்க்காரர்தான்.

டேட்டன் போனால் உட்லண்ட் மயானத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். ரைட் சகோதரர்கள், டன்பார், பேட்டர்சன், கெட்டரிங் எல்லாரும் அங்கேதான். குடும்ப வாழ்க்கையைக் கிண்டலடித்துப் பத்திரிகைப் பத்தி எழுதிய எர்மா பாம்பெக்கும் அங்கே இருக்கிறார். அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்த அரிசோனாவிலிருந்து ஒரு பெரும்பாறையை லாரியில் ஏற்றி வந்து கல்லறையில் வைத்திருக்கிறார்கள். தேடவே வேண்டாம், தூரத்திலிருந்தே தெரியும்.