சிறுநீரில் போகும் அயோடின் வீணா?

கேள்வி: உணவில் உள்ள அயோடினில் பத்தில் ஒன்பது பங்கு சிறுநீரில் வெளியேறிவிடுகிறது என்று படித்தேன். அப்படியானால் உடலில் அது ஒட்டவில்லை என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை, நேர் எதிர். உடல் உறிஞ்சாத பொருள் குடலோடு போய் மலத்தில் வெளியேறும். சிறுநீரில் ஒன்று வருகிறது என்றாலே குடல் அதை எடுத்து ரத்தத்தில் சேர்த்துவிட்டது என்று பொருள். அயோடின் விஷயத்தில் குடல் ரொம்பவே திறமைசாலி. உப்பில் கலப்பது பெரும்பாலும் அயோடேட் என்ற அயோடின் சேர்மம், அது குடலில் அயோடைடு என்ற எளிய வடிவமாக மாறுகிறது. இரைப்பையும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியும் அதில் 90 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சிவிடும்.

ரத்தத்துக்கு வந்த அயோடைடுக்கு இரண்டு பேர் போட்டி போடுகிறார்கள். ஒன்று கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி, இன்னொன்று சிறுநீரகம். இதில் சிறுநீரகத்துக்குச் சேமிக்கத் தெரியாது. சோடியம் குறைந்தால் சிறுநீரகம் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அயோடைடு குறைந்தாலும் கூடினாலும் அது ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் கூட்டிக் குறைக்கிற பொறுப்பு முழுக்கத் தைராய்டின் தலையில். போதுமான அயோடின் கிடைப்பவரின் தைராய்டு, உறிஞ்சியதில் 10 சதவீதமோ அதற்கும் கீழோதான் எடுக்கும், நீண்டகாலம் கிடைக்காமல் தவிப்பவரின் தைராய்டு 80 சதவீதத்துக்கு மேல்கூட வாரிக்கொள்ளும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். ஹார்மோனை அதிகம் அனுப்பித் தைராய்டை அப்படி முடுக்குகிறது. அந்த முடுக்கல் வருடக்கணக்கில் ஓயாமல் தொடர்ந்தால் சுரப்பியே வீங்கிவிடும். முன்கழுத்துக் கழலை வருவது இப்படித்தான்.

சரி, எடுத்ததை என்ன செய்கிறது? தைராய்டு செல்லின் வெளிச்சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது, சோடியத்தோடு சேர்த்து அயோடைடையும் உள்ளே இழுப்பது அதன் வேலை. ரத்தத்தில் இருப்பதைவிட 20 முதல் 40 மடங்கு செறிவாகச் சுரப்பிக்குள் அது சேர்ந்துவிடும். அங்கே தைரோகுளோபுலின் என்ற பெரிய புரதத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தோடு அயோடின் ஒட்டுகிறது. தைராய்டு ஹார்மோன் உருவாவது இப்படித்தான். நான்கு அயோடின் அணு இருந்தால் டி4, மூன்று இருந்தால் டி3. இப்படித் தயாரித்ததை உடனே செலவழிக்காமல், இரண்டு மூன்று மாதத்துக்கு வருகிற அளவு கையிருப்பாக அது வைத்துக்கொள்கிறது. நான்கு நாள் உணவில் அயோடின் குறைந்ததற்காகப் பயப்பட வேண்டாம் என்று நான் சொல்வது இந்தக் கையிருப்பை நம்பித்தான்.

இப்போது உங்கள் பத்தில் ஒன்பது பங்குக்கு வருவோம். ஹார்மோன் தன் வேலையை முடித்துச் சிதையும்போது அதிலிருந்த அயோடின் மறுபடி ரத்தத்துக்கு வருகிறது. அதில் கொஞ்சத்தைத் தைராய்டு திரும்ப எடுக்கும், மீதி சிறுநீரகம் வழியே போகும். ஆக, இன்று வெளியேறுவதில் போன மாதம் உங்கள் உடம்புக்கு உழைத்த அயோடினும் இருக்கிறது. கையிருப்பு நிறைந்த உடலில் வரவும் செலவும் சமமாகத்தானே இருக்க முடியும்?

கேள்வி: தோலில் அயோடின் திரவத்தைத் தடவி, அது சீக்கிரம் மறைந்தால் உடலில் அயோடின் குறைவு என்கிறார்களே?

பதில்: தயவுசெய்து நம்பாதீர்கள். அயோடின் காற்றில் ஆவியாகும், தோலின் மேலேயே நிறமில்லாத அயோடைடாகவும் மாறும். கறை மறைகிற வேகத்துக்கும் தைராய்டின் கையிருப்புக்கும் சம்பந்தம் இல்லை. ஒரே ஒரு தடவை எடுத்த சிறுநீரில் அயோடினை அளந்துகூட ஒரு தனி மனிதரின் நிலையைச் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு நாளும் அந்த அளவு ஏறி இறங்கும். பெரிய கூட்டத்தின் சராசரியைப் பார்க்கத்தான் அது உதவும். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் போய் டி.எஸ்.எச். பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: முட்டைக்கோஸ் அயோடினைக் கெடுக்குமா?

பதில்: அயோடின் போதுமான அளவு கிடைத்தால் வழக்கமான அளவில் தாராளமாகச் சாப்பிடலாம். எனக்கு அதைவிடப் புகைபிடிப்பவர்களைப் பற்றித்தான் கவலை. புகையால் ரத்தத்தில் கூடும் தயோசயனேட் என்ற வேதிப்பொருள், நான் மேலே சொன்ன அந்தப் புரதத்தின் வாசலில் அயோடைடோடு போட்டி போட்டு அதைத் தடுக்கிறது.

கேள்வி: நான் கர்ப்பமாக இருக்கிறேன். கடற்பாசி மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: நீங்களாக எடுக்க வேண்டாம். உங்கள் தேவை கூடியிருப்பது உண்மைதான். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் என்றால், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250 என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் தைராய்டு இப்போது அதிக ஹார்மோன் தயாரிக்கிறது, சிறுநீரகமும் வழக்கத்தைவிட அதிகமாக வெளியேற்றுகிறது. குழந்தையின் தைராய்டு முழு வேலைக்கு வரும்வரை அதன் மூளை வளர்ச்சிக்கு உங்கள் ஹார்மோன்தான் துணை. ஆனால் கடற்பாசியில் அயோடின் இனத்துக்கு இனம் பெரிதும் மாறுபடும், ஒரே மாத்திரையில் பல நாளைக்கான அளவு இருந்துவிடலாம். அளவு மீறிக் குவிந்தால் தைராய்டு ஹார்மோன் தயாரிப்பையே தற்காலிகமாக நிறுத்திக்கொள்ளும். பெரியவர்களின் சுரப்பி சில நாளில் அதிலிருந்து மீண்டுவிடும், கருவில் இருக்கும் குழந்தையின் சுரப்பிக்கு அந்தத் திறன் இன்னும் வளர்ந்திருக்காது. அடுத்த தடவை மருத்துவரைப் பார்க்கும்போது, நீங்கள் ஏற்கெனவே எடுக்கும் சத்து மாத்திரையில் எத்தனை மைக்ரோகிராம் அயோடின் இருக்கிறது என்று கேளுங்கள். சிலவற்றில் அயோடினே இருக்காது.