குல்லா தனி மொழியா, கொச்சை ஆங்கிலமா? அதை யார் பேசுகிறார்கள்?

தனி மொழிதான். அமெரிக்காவின் தென்கிழக்குக் கடலோரத்தில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள் பேசுவது, அந்த மக்களையும் குல்லா என்றே சொல்வார்கள். கேள்வி கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்களும் அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து, ஆபீஸில் யாரோ சொன்னதை நம்பிவிட்டீர்கள் போலிருக்கிறது. நான் மொழியியல் படித்தவன் இல்லை, தெற்குக் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டனில் கணினி வேலை பார்ப்பவன், பின்னூட்டத்தில் சண்டைக்கு வராதீர்கள்.

இங்கே சந்தையில் குல்லா அம்மாக்கள் ஸ்வீட்கிராஸ் என்ற புல்லில் கூடை பின்னி விற்பார்கள். ஸ்பூன் காம்பைத் தேய்த்து வைத்துக்கொண்டு, அதால் துளை போட்டு பால்மெட்டோ என்ற பனை வகையின் ஓலைக் கீற்றை நுழைத்து இழுப்பார்கள். அப்படிப் பின்னிக்கொண்டே ஒரு அம்மா போனில் பேசியதைக் கேட்டுவிட்டு, உடன் வந்த நம்மூர் நண்பர் "என்ன இங்கிலீஷ்டா இது" என்று சிரித்தார். எனக்கு வந்ததே கோபம்! வீடு வரும்வரை காரில் வகுப்பெடுத்துவிட்டேன்.

தெற்குக் கரோலினா, ஜார்ஜியா கடலோரத்து நெல் வயல்களுக்கு, நெல் சாகுபடி தெரிந்தவர்கள் என்றே மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன் பக்கத்திலிருந்து பலரை அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். மலேரியாவுக்குப் பயந்து முதலாளிகள் கோடையில் நகரத்துக்கு ஓடிவிட, பல இனத்து ஆப்பிரிக்கர்கள் தங்களுக்குள் பேசிப் பேசி வளர்ந்தது இந்த மொழி. சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலம், இலக்கணத்தில் ஆப்பிரிக்கச் சாயல். வெள்ளைக்கார எழுத்தாளர்கள் இதைச் சோம்பேறிப் பேச்சு என்றே எழுதிவந்தார்கள். லொரென்சோ டர்னர் என்ற கறுப்பின அறிஞர்தான் 1930களில் ஒலிப்பதிவுக் கருவியோடு தீவு தீவாகப் போய், 1949இல் ஏறக்குறைய 4,000 ஆப்பிரிக்கச் சொற்களையும் பெயர்களையும் அச்சில் போட்டார். ஜார்ஜியாவில் ஹாரிஸ் நெக் ஊரில் அமீலியா டாலி என்ற குல்லா பெண் அவருக்குப் பாடிய பாட்டு முழுக்க சியரா லியோனில் பேசப்படும் மெண்டே மொழி. அதே பாட்டு பல பத்தாண்டுகள் கழித்து சியரா லியோன் கிராமம் ஒன்றில் சாவுச் சடங்குப் பாட்டாகக் கிடைத்தது. அமீலியாவின் மகள் மேரி மொரான் 1997இல் அங்கே போனார்.

அந்த ஹாரிஸ் நெக் நிலத்தை 1942இல் விமானத்தளத்துக்கென்று அரசு பறித்துக்கொண்டது. தெற்குக் கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவில் குல்லா மக்கள் தங்கள் தாத்தா பாட்டி சமாதிக்குப் போகவே சொகுசுக் குடியிருப்பு கேட்டில் நின்று அனுமதி கேட்கும் நிலை.

இப்போது சரளமாகப் பேசுகிறவர்களில் வயதானவர்களே அதிகம். வெளியாள் வந்தால் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள், பள்ளிக்கூடத்தில் கேலி வாங்கிய பழக்கம். 2005இல் புதிய ஏற்பாடு முழுசாக குல்லாவில் வந்துவிட்டது. கேட்க ஆசையிருந்தால் தெற்குக் கரோலினாவில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்குப் போங்கள். "கொஞ்சம் பேசிக் காட்டுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள், கூடைக்குப் பேரமும் பேசாதீர்கள்.