கோல்கீப்பராக இருந்த ஹூலென் லோபெதேகி பயிற்சியாளராகச் சாதித்தது எப்படி?

ஆட்டத் திட்டத்தை வகுத்து, களமிறங்கும் 11 பேரைத் தேர்ந்தெடுப்பவரே கால்பந்துப் பயிற்சியாளர். கோல்கீப்பர்கள் அந்தப் பொறுப்புக்கு வருவது குறைவு. ஆனால் மாடியில் நிற்பவருக்குத் தெரு முழுவதும் தெரிவதுபோல, ஆட்டம் முழுவதும் கண்முன் விரிவது அவர்களுக்குத்தான்.

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியைச் சேர்ந்த லோபெதேகி நாட்டுக்காக ஆடியது ஒரே ஆட்டம். பார்சிலோனா கிளப்பிலும் பெரும்பாலும் மாற்று வீரர்தான். வெளியே அமர்ந்து கவனித்த அந்த ஆண்டுகளே அவருக்குப் பள்ளிக்கூடம் என்பது என் கருத்து. 2012இல் 19 வயதுக்குட்பட்டோர், 2013இல் 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பைகளை ஸ்பெயினுக்கு வென்று தந்தார். 2020இல் ஸ்பெயினின் செவிய்யா கிளப், ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோப்பா லீக் போட்டியை வென்றதும் அவர் பயிற்சியில்தான்.

2018 உலகக் கோப்பையில் ஸ்பெயினின் முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, அந்நாட்டு அணியின் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து அவர் நீக்கப்பட்டது தோல்வியால் அன்று. அவர் பொறுப்பில் 20 ஆட்டங்களில் ஸ்பெயின் ஒன்றில்கூடத் தோற்கவில்லை, உலகக் கோப்பைக்குப் பின் பயிற்சியாளராகச் சேர ரியல் மாட்ரிட் கிளப்புடன் அவர் செய்துகொண்ட ஒப்பந்தமே காரணம்.