வார்ஹேமர் என்ற மேசைப்போர் விளையாட்டின் மினியேச்சருக்கு (சின்ன வீரர் பொம்மை) பெயிண்ட் அடித்தால் அப்பிய மாதிரி வருகிறது. காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ் வாங்கினால் சரியாகுமா?

ஆகாது. முகத்தில் நுணுக்கம் மூடிப்போகிறது, கவசத்தில் பிரஷ் தடம் விழுகிறது, வாஷ் (இடுக்குகளில் நிழலாகத் தங்கும் நீர்த்த நிறம்) திட்டுத்திட்டாகக் காய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுமே தண்ணீர் அளவு தப்புவதால் வருபவை. ஏர்பிரஷ்ஷில் அந்த அளவு இன்னும் கறார். பெயிண்ட் கெட்டியானால் நாசில் அடைக்கும், நீர்த்துப்போனால் காற்றழுத்தமே அதை நாலாபக்கமும் ஓடவிடும். ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம். டாங்கிகளுக்கும் ஒரே நிறத்தில் பெரும்படைக்கும் அது அருமையான கருவிதான். நேற்று ஆரம்பித்தவருக்கு அதையே முதல் பதிலாகச் சொல்வதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நீங்கள் ஸ்பேஸ் மரீன் (அந்த விளையாட்டின் கவச வீரர்) வைத்திருப்பீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். அவர்களில் அல்ட்ராமரீன்ஸ் பிரிவின் நீலத்தில் இன்டர்செஸ்ஸர் என்ற காலாள் வீரர் ஒருவரைப் பார்ப்போம். பெயிண்டைத் திறக்குமுன், அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஓடும் மெல்லிய வரம்பைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் அது கண்ணில் படாது, வாஷ் போட்டதும் தழும்பாகத் தெரியும். பிரைமர் (பெயிண்ட் பிடித்துக்கொள்ள உதவும் அடிப்பூச்சு) ஸ்பிரேயை இரண்டு நிமிடமாவது குலுக்கி, 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, சின்னச் சின்ன வீச்சாக அடியுங்கள். ஒவ்வொரு வீச்சும் பொம்மைக்கு வெளியே தொடங்கி வெளியே முடியட்டும். ரொம்பத் தள்ளி நின்றால் பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக உட்காரும். மழைக்காலத்திலும் கடலோரப் புழுக்கத்திலும் வெள்ளையாகப் பூத்துப்போகும். அப்படிப்பட்ட ஊரில் இருந்தால் பிரஷ்ஷால் பூசும் பிரைமரே நிம்மதி.

இனி விஷயத்துக்கு வருவோம். டப்பாவிலிருந்து நேராகப் பூசவே கூடாது. மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நனைந்த ஸ்பாஞ்சு, அதன்மேல் பேக்கிங்குக்குப் பயன்படும் பட்டர் பேப்பர்: பெயிண்டைக் காயாமல் வைக்கும் வெட் பேலட் அவ்வளவுதான். மெழுகு பூசிய தாள் வேண்டாம், ஈரம் மேலே ஏறாது. மெக்ராக் புளூ என்ற அடர்நீலப் பெயிண்டைக் கொஞ்சம் எடுத்து வைத்து, நுனி நனைந்த பிரஷ்ஷால் தண்ணீர் சேர்த்துப் பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பெயிண்டில் தோய்த்த பிரஷ்ஷை அப்படியே பொம்மைக்குக் கொண்டுபோகாதீர்கள். டிஷ்யூவில் ஒருமுறை பக்கவாட்டில் தொட்டு, கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு நகத்தின் ஓரங்களுக்கு ஓடினால் பிரஷ்ஷில் ஈரம் அதிகம். பாதியில் அறுந்தால் பெயிண்ட் கெட்டி. இழுத்த இடத்தில் நின்றால்தான் தோள்பட்டைக்குப் போகலாம். முதல் பூச்சில் பிரைமர் தெரியத்தான் செய்யும். தொட்டுத் தொட்டுச் சரிசெய்யப் போனால் பாதி காய்ந்த பூச்சு கிழியும். முழுக்கக் காயவிட்டு இரண்டாவது பூச்சு போடுங்கள். மஞ்சளும் வெள்ளையும் இரண்டில் மூடாது. மஞ்சளுக்கு அடியில் காவியோ இளஞ்சிவப்போ கொடுத்தால் வேலை பாதியாகக் குறையும்.

பிரஷ் 1 அல்லது 2 எண் போதும், நுனி கூராக இருக்க வேண்டும். 000 எண் பிரஷ் முகத்துக்கு வசதி என்று வாங்காதீர்கள். அதன் வயிற்றில் பெயிண்ட் நிற்காது, கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் காய்ந்துவிடும்.

நல்ன் ஆயில் என்ற கறுப்பு வாஷை உடம்பு முழுக்க ஊற்றினால் சமதளங்கள் அழுக்காகிவிடும். கவசத் தகடுகளின் இடுக்கில் மட்டும் விடுங்கள். எங்காவது குளமாக நின்றால், ஈரம் ஒற்றிய சுத்தமான பிரஷ்ஷால் ஒரு நிமிடத்துக்குள் உறிஞ்சிவிட வேண்டும். பாதி காய்ந்தபின் தொட்டால் ஓரத்தில் கறை வளையம் நிற்கும். அப்போது விட்டுவிட்டு, காய்ந்தபின் மெக்ராக் புளூவால் மூடுவதே வழி. விளிம்புகளுக்கு கால்கர் புளூ என்ற வெளிர்நீலம். பிரஷ்ஷின் நுனியால் வரையாமல், அதன் பக்கத்தை விளிம்பின்மேல் சாய்த்து இழுங்கள், கோடு தானாக நேராக வரும். அதைவிட வெளிறிய ஃபென்ரிசியன் கிரே மூலை முனைகளுக்கு மட்டும்.

பழைய பாடங்களில் பாடாப் பிளாக், டெவ்லன் மட் என்று வாஷ் பெயர்கள் வந்தால் கடையில் தேடி அலையாதீர்கள். 2012-ல் சிட்டாடல் (வார்ஹேமர் நிறுவனத்தின் பெயிண்ட்) வரிசை முழுக்கப் பெயர் மாறியது. ஏறக்குறைய அவற்றின் இடத்தில் இருப்பவை நல்ன் ஆயிலும் அக்ராக்ஸ் எர்த்ஷேடும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோல்டன் டெமன் என்ற வண்ணம்தீட்டும் போட்டியில் வந்த பொம்மையின் நெருக்கப் படத்தைக் காட்டி, புதியவரின் படையை மட்டம் தட்டும் வழக்கம் பல விளையாட்டு மேசைகளில் இருக்கிறது. அது அநியாயம். வார்ஹேமர் 40,000-ன் 10-ஆம் பதிப்பு விதிப்படி, ஒரு ஆட்டத்தின் 100 புள்ளியில் வண்ணத்துக்கு 10. அதற்கும் முக்கியப் பகுதிகளில் நிறமும், பொம்மை நிற்கும் பேஸில் மண்ணோ புல்லோ இருந்தால் போதும் என்கிறார்கள். மேசையில் எதிராளி பார்ப்பது மூன்றடி தூரத்திலிருந்து. அங்கிருந்து தெரிவது இருளுக்கும் ஒளிக்கும் உள்ள இடைவெளி. கண்ணின் கருவிழி தெரியாது.

அப்பிப்போன பழைய பொம்மைகளைத் தூக்கிப் போடாதீர்கள். பிளாஸ்டிக் என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் பெயிண்ட் பெரும்பாலும் கழன்றுவிடும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பங்கரைக்குத் தள்ளிச் செய்யுங்கள். அசிடோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக்கே கரைந்துவிடும். ரெசின் பொம்மையை இப்படி ஊறவைக்க வேண்டாம். சில வகை ரெசின் ஆல்கஹாலில் இளகிவிடும்.