நான்கு முறை படித்தும் தப்பிய பிழை

அன்புள்ள ஐயா,

என் கட்டுரையை நான்கு முறை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். அச்சில் வந்தபின் பார்த்தால் முதல் பத்தியிலேயே 'மருத்துமனை' என்று இருக்கிறது, 'வ' இல்லை. என் மூளையில் ஏதேனும் குறையா? தியானம் பழகினால் கவனம் கூடுமா? கைபேசியில் படிப்பதுதான் காரணம் என்கிறார் நண்பர்.

கா.

அன்புள்ள கா.,

ஒரு குறையும் இல்லை, மனதை வருத்திக்கொள்ளாதீர்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை அந்த இடத்தில் தடுக்கி நின்றிருக்கும். நீங்கள் தாண்டிப்போனது வாசிப்பு கைவந்ததால்.

சொல் கண்ணில் பட்டால் மனம் படித்துவிடும். நம் அனுமதியைக் கேட்பதில்லை. 1935இல் ஸ்ட்ரூப் என்ற உளவியலாளர் வெளியிட்ட சோதனையில், நூறு வண்ணச் சதுரங்களின் நிறத்தைச் சொல்ல சராசரியாக 63 நொடி ஆனது. 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் அச்சிடுவதுபோல நூறு சொற்களைக் கொடுத்து, மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொன்னபோது 110 நொடி. படிக்கவே வேண்டாத சொல் குறுக்கே வந்து விழுந்தது. 1971இல் மேயர், ஷ்வானவெல்ட் என்ற உளவியலாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள்: 'செவிலியர்', 'மருத்துவர்' போல உறவுள்ள இரண்டு சொற்களைச் சேர்த்துக் காட்டினால், உறவில்லாத இரண்டைவிட விரைவாக அடையாளம் காண்கிறோம். உங்கள் பத்தியில் 'நோயாளி' வந்தபோதே 'மருத்துவமனை' பாதி விழித்துவிட்டது. ஓர் எழுத்து குறைந்ததை அது ஏன் பொருட்படுத்தப்போகிறது?

தியானத்தை அதற்குரிய காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கைபேசிப் பேச்சை விடுங்கள்.

ஆனால் நான்கு முறை படித்ததைப் பெரிய உழைப்பாகச் சொல்கிறீர்களே, அதை ஏற்கமாட்டேன். அதே திரை, அதே எழுத்துரு, அதே வரிசை. ஒவ்வொரு முறையும் அடுத்து வரும் சொல் இன்னும் நன்றாகத் தெரிந்துபோகிறது, கண் இன்னும் வேகமாக வழுக்குகிறது. மனதின் வேகத்தை உடைக்க வேண்டும். ஒரு நாளாவது ஆறப்போடுங்கள். எழுத்துருவை மாற்றி, அளவைப் பெரிதாக்கி, வரி வேறிடத்தில் உடையும்படி செய்யுங்கள். கணினியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். விட்டுப்போன 'வ' உடனே காதில் இடறும். ன, ந குழப்பம் காதுக்குத் தெரியாது, ர, ற பெரும்பாலும் தெரியாது. அவற்றுக்குத் தனியாக ஒருமுறை, வேறெதையும் தேடாமல், கண்ணால் பார்க்க வேண்டும்.

பிறகு கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாருங்கள். முன்வரி பொருளைச் சொல்லிக்கொடுக்காததால் சொல் தனியே நிற்கும். சொல் சொல்லாகப் பின்னோக்கிப் போகச் சொல்வார்கள். தமிழுக்கு அது உதவாது. ஒற்று மிகுவது அடுத்த சொல்லைப் பொறுத்தது, ஆகவே வரி வரியாகத்தான் போக வேண்டும். வரியின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் கீழ்வரியின் முதல் சொல்லை எட்டிப் பாருங்கள். 'பார்த்தார்' என்பதை அடித்துக் 'கேட்டார்' என்று மாற்றியிருப்பீர்கள். மேலே 'அதைப்' இன்னும் 'ப்' உடனேயே நின்றுகொண்டிருக்கும்.